தோட்டத்துச் சுவர் விழுந்த கதை

(ஆதரவாளர் கூடுகையில் நமது மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்தக் கூடுகையில் என்னைப் பேச அழைத்தால் பத்து நிமிடம் நன்றி சொல்லி, பத்து நிமிடம் வசனம் சொல்லி அமர்ந்துவிடுவேன். இந்த முறை பொருளாளர் ஐயா, "தோட்டத்துச் சுவரைப் பற்றி நீங்களே சொல்லிவிடுங்கள், பலர் கடிதம் எழுதிக் கேட்கிறார்கள்" என்றார். கேட்பது நியாயம்தான். உங்கள் காணிக்கையில் கட்டிய சுவர் அது. ஐந்து ஆண்டுகூட நிற்கவில்லை. அது எப்படி விழுந்தது, யாரால் விழுந்தது என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. கன்மலையின்மேல் கட்டிய வீட்டைப் பற்றி நான் பிரசங்கிக்கப் போகிறேன் என்று சிலர் எதிர்பார்க்கலாம். அதை இன்று தொடப்போவதில்லை. இது மண்ணும் கல்லும் தண்ணீரும் சம்பந்தப்பட்ட விஷயம்.

நம் வளாகம் சரிவான நிலம் என்பது வந்து போகிறவர்களுக்குத் தெரியும். மேல்பக்கம் வார்டுகள், கீழ்ப்பக்கம் நோயாளிகளோடு வருகிறவர்கள் சமைத்துச் சாப்பிடும் கொட்டகை. நடுவில் இருந்த சரிவு முட்புதராகக் கிடந்தது. எலும்பு முறிவுக்காரர்களும் பக்கவாதக்காரர்களும் ஊன்றுகோலோடு நடந்து பழகச் சமதரையாக ஒரு தோட்டம் வேண்டும் என்று நான்தான் முதலில் கேட்டேன். சரிவைச் சமதரையாக்க வேண்டுமானால் கீழ் விளிம்பில் ஒரு சுவர் எழுப்பி, அதன் பின்னால் மண் கொட்ட வேண்டும். 60 அடி நீளம், 7 அடி உயரம். 2018-ம் ஆண்டு கோடையில் கட்டி முடித்தோம். அதைத் திறந்துவைத்த அன்று உங்களில் பலர் வந்திருந்து பாயசம் சாப்பிட்டீர்கள்.

மண்ணைத் தாங்கும் சுவர் வேறு, வீட்டுச் சுவர் வேறு. இந்த வித்தியாசம் அன்று எனக்குத் தெரியாது. வீட்டுச் சுவர் மேலிருந்து வரும் பாரத்தைச் சுமக்கிறது. தாங்குசுவரின் முதுகிலோ மண் இரவும் பகலும் சாய்ந்து தள்ளிக்கொண்டே இருக்கிறது. அது வெளியே நகராமலும் குப்புற விழாமலும் நிற்பதற்கு அதன் சொந்த எடைதான் பெரும் துணை. அடிப்பாகம் உயரத்தில் பாதிக்குக் குறையாத அகலம் இருக்கவேண்டும் என்பது கல்கட்டுக்காரர்களின் பழைய கணக்கு. 7 அடிச் சுவருக்கு அடியில் மூன்றரை, நான்கு அடி. நாங்கள் கட்டியது அடி முதல் நுனி வரை ஒன்றரை அடி அகலம், அதுவும் தூக்குக்குண்டு பிடித்து நேர்செங்குத்தாக. பார்க்க அழகாக இருந்தது.

கொத்தனார் பெரியவர் ஒருவர் அன்று வேலை செய்தார். கடைக்கால் தோண்டும்போதே, "ஐயா, அகலம் போதாது" என்றார். கல் விலையைச் சொல்லி அவர் வாயை அடைத்தேன். பின்னால் ஜல்லி போட்டு நிரப்ப வேண்டும் என்றார். ஜல்லிக்கு ஏன் செலவு, புதிய கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டிய களிமண் மலைபோல் கிடக்கிறதே என்று டிராக்டரில் அதையே அள்ளிக் கொட்டச் சொன்னேன். எனினும் அவர் தம் பங்குக்குச் சுவரின் அடியில் வரிசையாகத் துளைகள் விட்டிருந்தார். மண்ணுக்குள் இறங்கும் தண்ணீர் வடிய வழி.

அந்தத் துளைகள்தான் என் கண்ணை உறுத்தின. முதல் மழைக்கே செம்மண் நிறத்தில் தண்ணீர் கசிந்து, சுண்ணாம்பு அடித்த சுவரில் கோடு கோடாக வழிந்தது. விருந்தினர் வரும் சமயம். "அந்த ஓட்டைகளை அடைத்துவிடுங்கள்" என்றேன். பெரியவர் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். "அடைச்சீங்கன்னா செவுரு நிக்காதுங்கய்யா. தண்ணி எங்க போவும்?" என்றார். நான் வேதாகமக் கல்லூரியில் நான்கு வருடம் எபிரெயமும் கிரேக்கமும் படித்தவன். அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். அடைக்கச் சொன்னேன், அடைத்தார்.

இரண்டு மழைக்காலம் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது வருடம் சுவரின் நடுப்பகுதி சற்றுப் புடைத்தாற்போல் தெரிந்தது. தோட்டத்தில், சுவருக்கு நான்கடி உள்ளே, சுவருக்கு இணையாக நீளமாய் ஒரு வெடிப்பு விழுந்தது. வெயிலில் களிமண் வெடிப்பது இயற்கைதானே என்று அதை மண் போட்டு மூடி, மேலே குரோட்டன்ஸ் செடி வைத்தோம். பின்னால் தெரிந்துகொண்டேன், அந்த இரண்டும்தான் சுவர் தரும் எச்சரிக்கை. வயிறு தள்ளினாலும், மேல்தரையில் இணையாக வெடிப்பு கண்டாலும், மண் ஏற்கெனவே நகரத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். உங்கள் வீட்டிலோ ஆலயத்திலோ பள்ளிக்கூடத்திலோ அப்படி ஒரு சுவர் இருந்தால் செடி வைத்து மறைக்காதீர்கள். கீழே யாரையும் உட்காரவிடாமல் முதலில் ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

2022 டிசம்பர் 9-ம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரையைக் கடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மாலையிலிருந்தே காற்றும் மழையும். கீழே கொட்டகையில் படுத்திருந்தவர்களை இரவுப் பணியில் இருந்த நர்ஸ் சூப்பரின்டென்டென்ட் அம்மா ஒருவரையும் விடாமல் எழுப்பி, வார்டு வராந்தாவுக்கு வரச் சொல்லியிருக்கிறார். கூரை ஒழுகுமே என்ற கவலையில்தான் அப்படிச் செய்தார், சுவரை நினைத்து அல்ல. விடியற்காலம் மூன்று மணி வாக்கில் இடி போல ஒரு சத்தம். 60 அடியில் நடுவிலிருந்த 25 அடி அப்படியே வெளியே சாய்ந்து, கல்லும் சேறும் குரோட்டன்ஸுமாகக் கொட்டகைமேல் இறங்கிவிட்டது.

நான் அப்போது குடியிருப்பில் தூங்கிக்கொண்டிருந்தேன். காலையில் போய்ப் பார்த்தால் அடுப்புக் கற்கள் எல்லாம் புதைந்து கிடந்தன. கடலோரக் குப்பத்திலிருந்து கணவருக்கு வைத்தியம் பார்க்க வந்திருந்த ஒரு தாயார், தட்டையாகிப்போன அலுமினியக் குண்டானைச் சேற்றிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தார். "இங்கதான்யா படுப்போம், அடுப்பு பக்கத்துல கதகதன்னு இருக்கும்" என்றார். சாதாரணமாகச் சொன்னார். அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? குண்டானை வாங்கி அலம்பிக் கொடுத்தேன், வேறென்ன.

2019 டிசம்பர் 2-ம் தேதி நடந்தது என் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. கோயம்புத்தூர் மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே நடூரில், கனமழையில், விடியுமுன், உயரமான ஒரு கருங்கல் சுவர் கீழே இருந்த ஓட்டு வீடுகளின்மேல் விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்துபோனார்கள். அந்தச் சுவரைப் பற்றி அங்கே குடியிருந்தவர்கள் முன்பே முறையிட்டிருந்தார்கள் என்று செய்தியில் வந்தது. அதை அன்று செய்தித்தாளில் வாசித்து, ஆராதனையில் அந்தக் குடும்பங்களுக்காக ஜெபித்தவன் நான். ஜெபித்து முடித்து வெளியே வந்து, நம் சுவரின் துளைகள் அடைபட்டிருப்பதைப் பார்த்தபடியேதான் வீட்டுக்குப் போயிருப்பேன். ஒருமுறைகூட இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை.

நம் திருச்சபையைச் சேர்ந்த ஒரு தம்பி சிவில் இன்ஜினியர். விழுந்த இடத்தைப் பார்த்துவிட்டு, ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். சாதாரண மண் காய்ந்திருக்கும்போது 7 அடிச் சுவரை, ஒவ்வோர் அடி நீளத்துக்கும் ஏறக்குறைய 400 கிலோ தள்ளும். அதே மண் விளிம்புவரை தண்ணீரில் ஊறி, தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நின்றால், தள்ளுவது 900 கிலோ. ஏன் இவ்வளவு கூடுகிறது என்று கேட்டேன். "மண் துகள் ஒன்றோடொன்று உராய்ந்து தன்னைத்தானே ஓரளவு பிடித்துக்கொள்ளும் ஐயா. அதனால் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் பக்கவாட்டில் தள்ளும். தண்ணீருக்கு உராய்வு கிடையாது. தன் எடை முழுவதையும் பக்கவாட்டிலும் காட்டும்" என்றார். அப்படியானால் மண்ணைத் தாங்க என்று கட்டிய சுவரை நான் அணைக்கட்டாக மாற்றியிருக்கிறேன்! களிமண் வேறு. அது தண்ணீரைக் குடித்து ஊதும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும், அந்த வெடிப்பு வழியாக அடுத்த மழை இன்னும் ஆழமாக இறங்கும்.

இந்தக் கணக்கை முதலில் ஒழுங்காகப் போட்டவர்களில் கூலோம் என்ற பிரெஞ்சுக்காரர் ஒருவர் என்று அந்தத் தம்பி சொன்னார். மின்சாரப் பாடத்தில் வரும் அதே கூலோம்தான். இளம் வயதில் ராணுவ இன்ஜினியராக மேற்கிந்தியத் தீவுகளில் மார்டினிக் என்ற இடத்துக்குப் போய், சில வருடங்கள் கோட்டை கட்டி, உடல்நலம் கெட்டுத் திரும்பினார். மண் சுவரை எவ்வளவு தள்ளும் என்ற அவருடைய கட்டுரை 1773-ல் பாரீஸ் அறிவியல் கழகத்தில் வாசிக்கப்பட்டது. 250 வருடமாகத் தெரிந்திருக்கிற விஷயம். கொத்தனார் பெரியவர்களுக்கு அதற்கும் வெகு முன்பே தெரியும்.

நம் பகுதியிலேயே பார்க்க வேண்டியவை இருக்கின்றன. அடுத்த வாரம் இன்ஜினியர் தம்பியும் நானும் பெரியவரைக் கூட்டிக்கொண்டு மாமல்லபுரம் போனோம். கடற்கரைக் கோயிலின் வடபுறம் மணலில் புதைந்து கிடந்து 1990-ல் வெளிப்பட்ட ஒரு பள்ளம் உண்டு. அதற்குள் ஒரு சின்னஞ்சிறு சந்நிதியும், வராகச் சிற்பமும், ஒரு கிணறும் இருக்கின்றன. பெரியவர் சிற்பத்தைப் பார்க்கவில்லை. பள்ளத்தைச் சுற்றி வளைவாக, படிப்படியாகக் கல்லை அடுக்கியிருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நேரா நிறுத்தல பாருங்க. வளைச்சிட்டான், ஒவ்வொரு வரியும் பின்னால தள்ளிக்கினே போறான்" என்றார். வளைவாகக் கட்டினால், மண் தள்ளத் தள்ளக் கற்கள் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ளும், நம் கிணற்று உறை நிற்பதும் அப்படித்தான் என்று தம்பி விளக்கினார். கோயிலின் கடல்பக்கம் தொல்லியல் துறை குவித்திருக்கும் பாறைகளையும் பார்த்தோம். பூச்சு இல்லை, இடுக்கெல்லாம் திறந்தே கிடக்கிறது. அலை வந்து மோதி, இடுக்குகளில் நுழைந்து, வேகம் குறைந்து திரும்பிப் போகிறது.

திரும்பும் வழியல்ல என்றாலும் மதுராந்தகத்துக்கும் போய் வந்தோம். அந்த ஏரிக்கரையின் கதை உங்களில் செங்கல்பட்டுக்காரர்களுக்குத் தெரியாதிருக்காது. 1794 முதல் 1798 வரை செங்கல்பட்டு ஜாகீரின் கலெக்டராயிருந்தவர் லயனல் பிளேஸ் என்ற ஆங்கிலேயர். மழைக்கு மழை கரை உடைந்துகொண்டிருந்தது. அங்குள்ள ராமர் கோயிலில் தாயார் சந்நிதியைக் கட்டித் தரும்படி ஊரார் கேட்க, உங்கள் ராமர் இந்தக் கரையைக் காப்பாற்றினால் கட்டித் தருகிறேன் என்றாராம். பெருமழை இரவில் கரையைப் பார்க்கப் போனவர், வில்லோடு இரண்டு பேர் காவல் நிற்கக் கண்டாராம். கரை நின்றது, அவரும் சந்நிதியைக் கட்டிக் கொடுத்தார். சுவாமிக்கு ஏரி காத்த ராமர் என்று பெயர். பிளேஸின் பெயரோடு கல்வெட்டும் கோயிலில் உண்டு.

என் நண்பர்கள் சிலர், ஒரு போதகர் இந்தக் கதையைச் சொல்வானேன் என்பார்கள். அந்தக் கதையில் எனக்கு உறைத்தது வேறொன்று. அந்த இரவில் கலெக்டர் கரைக்குப் போனார் என்பதே. பொறுப்பிலிருந்தவர் மழையில் இறங்கிப் போய்ப் பார்த்தார். நான் போகவில்லை.

ஏரிக்கரையோ தண்ணீரைத் தேக்கவே கட்டியது, அது எப்படி நிற்கிறது என்று கரைமேல் நின்று தம்பியைக் கேட்டேன். அகலத்தைப் பாருங்கள் என்றார். மேலே வண்டி போகும் அகலம், அடியில் அதைப்போல் பல மடங்கு. தண்ணீர்ப் பக்கம் சரிவாக்கிக் கல் பாவியிருக்கிறார்கள். அப்படியிருந்தும் மிஞ்சிய தண்ணீர் தானே வழிந்தோடக் கலங்கல் வைத்திருக்கிறார்கள். கலங்கலை அடைத்தால் எந்தக் கரையும் நிற்காது. பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திராது.

இனி புதிய சுவர். 2023 மார்ச்சில் தொடங்கி மே மாதம் முடித்தோம். முதல் வேலையாக உயரத்தைக் குறைத்தோம். சுவரின் உயரம் இரட்டித்தால் மண் தள்ளும் பலம் நான்கு மடங்கு, அதைக் குப்புறக் கவிழ்க்கும் வேகம் எட்டு மடங்கு. ஆகவே 7 அடியில் ஒன்றாக நிற்பதைவிட மூன்றரை அடியில் இரண்டு சுவர்கள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக, நடுவில் 7 அடி இடைவெளி. இடைவெளி குறைந்தால் மேல்சுவரின் பாரம் கீழ்ச்சுவரின் முதுகில் ஏறும், அதனால் கீழ்ச்சுவர் உயரத்தைப்போல் இரண்டு பங்காவது தள்ளிக் கட்ட வேண்டும். இதனால் நடைபழகும் தோட்டம் 7 அடி குறைந்துவிட்டது. வருத்தம்தான், ஆனால் நடுத்தட்டில் பிசியோதெரபிப் பிள்ளைகள் கத்தரியும் கீரையும் போட்டிருக்கிறார்கள்.

கடைக்கால் கெட்டித்தரை வரும்வரை 2 அடிக்கு மேல் தோண்டினோம். அடி அகலம் இரண்டேகால் அடி. முன்முகம் உயர உயர, அடிக்கு ஒன்றரை அங்குலம் வீதம் மண் பக்கமாகச் சாய்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் சுவர் சற்று மல்லாந்து நிற்பதுபோல் இருக்கும், பிழை என்று எண்ணிவிடாதீர்கள். வரிசைக்கு வரிசை, சுவரின் முழு அகலத்துக்கும் குறுக்கே போகும் நீளக் கற்களைப் பெரியவர் தேடித் தேடிப் பொறுக்கி வைத்தார். முன்கல்லையும் பின்கல்லையும் அதுதான் கட்டிப்போடுகிறது. இல்லாவிட்டால் நடுவே சக்கை போட்டு நிரப்பிய சுவர் இரண்டாகப் பிளந்துவிடும் என்றார்.

சுவருக்குப் பின்னால் ஓர் அடி அகலத்துக்கு அடியிலிருந்து மேல்வரை ஜல்லி. களிமண் வந்து ஜல்லியின் இடுக்கை அடைத்துவிடாதபடி இரண்டுக்கும் நடுவே, சாலை போடுகிறவர்கள் பயன்படுத்தும் வடிதுணியை விரித்தோம். மீதி இடத்தில் பழைய களிமண்ணை எடுத்துவிட்டுக் கிராவல் மண் கொட்டி, அரையடி அரையடியாக நீர் தெளித்துக் கையாலேயே இடித்து இறுக்கினோம். சுவரை ஒட்டி ரோலர் ஓட்டக் கூடாது, புதுச் சுவரை அதுவே தள்ளிவிடும். மேல்தட்டில் மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்குமுன்பே ஓடிவிட ஒரு வாய்க்கால். வேப்பங்கன்று வைக்கலாம் என்று ஒரு சகோதரி அன்போடு கொண்டுவந்தார். அதைத் தூரத்தில் வைத்தோம், மரத்தின் வேர் தடித்தால் சுவரைத் தள்ளும். சுவரோரம் வெட்டிவேர் நட்டிருக்கிறோம். அதன் வேர் பக்கவாட்டில் போகாமல் நேரே கீழே இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

துளைகள்? கீழ்ச்சுவரில் 12, மேல்சுவரில் 11. மூன்று அங்குலக் குழாய், ஐந்தடிக்கு ஒன்று, வெளிப்பக்கம் சற்றே தாழ்வாக. சுண்ணாம்பு அடிக்கவில்லை. கறை படிந்தால் படியட்டும். கொட்டகையையும் சுவரிலிருந்து 20 அடி தள்ளி மாற்றிவிட்டோம். சுவர் எவ்வளவு நன்றாயிருந்தாலும் அதனடியில் ஆளைப் படுக்கவைக்க எனக்கு இனி மனம் வராது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். 23 துளையிலும் தண்ணீர் வந்தது. முதலில் கலங்கல், பிறகு தெளிவு. 2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் வந்தபோதும் போனேன். பெரியவரும் சொல்லாமலே வந்து நின்றிருந்தார். இருவரும் டார்ச் அடித்து ஒவ்வொன்றாக எண்ணினோம். நூல் பிடித்துப் பார்த்ததில் வயிறு தள்ளவில்லை.

இந்தச் சுவருக்கு நீங்கள் இரண்டு முறை பணம் கொடுத்திருக்கிறீர்கள். முதல் முறை கொடுத்தது என் பிடிவாதத்தால் வீணாயிற்று. கணக்கில் அது மழைச் சேதம் என்று எழுதப்பட்டிருக்கிறது. அதை மாற்றி எழுதும்படி பொருளாளரிடம் கேட்டிருக்கிறேன். அவர் தயங்குகிறார். நீங்களும் ஒரு வார்த்தை சொன்னால் நல்லது.

தேநீருக்குப் பிறகு பார்க்க விரும்புகிறவர்கள் என்னோடு கீழே வரலாம், படி வழுக்கும், மெதுவாக வாருங்கள். போன வாரம் பெய்த மழையில் கீழ்ச்சுவரின் ஏழாவது துளையில் மட்டும் தண்ணீர் வரவில்லை. எறும்புப் புற்றா, வேரா என்று தெரியவில்லை. பெரியவர் கம்பி கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார், ஐப்பசிக்கு முன்பு குத்திவிட வேண்டும்.